புதுப்பிப்பு: பழைய டீசல் லாரியில் எரிபொருள் அழுத்தம் குறைவு, காரணம் கிடைத்தது

பாரத்தோடு சிங்கப்பூரின் புக்கிட் தீமா விரைவுச்சாலை ஏற்றத்தில் லாரி திணறுகிறது, ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் பம்ப்) அழுத்தம் 0.4 பாருக்கு (bar, அழுத்த அலகு) இறங்குகிறது, என்ன காரணம் என்று முன்பு கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

ஃபில்டர் மாற்றியும் பயனில்லை. "பம்புக்கு முன்னால உள்ளே தெரியுற பிளாஸ்டிக் குழாய் போட்டுப் பாருங்க தம்பி" என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. இன்ஜின் ஓடும்போது குழாய் முழுக்கக் காற்றுக் குமிழ்கள்! டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வெடிப்பு விட்டிருந்தது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால், ஓடும்போது டீசல் வெளியே கசியாமல் காற்றுதான் உள்ளே போகிறது. அதனால்தான் கீழே ஈரமே தெரியவில்லை.

ஹோஸை மாற்றிக் காற்றை எடுத்ததும் 1.0 பார் வந்தது. எதிர்பாராதது, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்பின் ஓவர்ஃப்ளோ வால்வு (அழுத்தத்தை நிறுத்தி வைத்து, மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் வால்வு) ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. அதையும் மாற்றிய பிறகு 1.5 பார், ஏற்றத்திலும் இறங்கவில்லை. ஃபீட் பம்பை மாற்றவில்லை, பழையதேதான்.