மறுமொழி: கோப்பிங் = எதிர்கொள்ளல்? சரியா வருமா?

> டீன் ஏஜ் பிள்ளைங்களோட டிப்ரஷன் பத்தின கட்டுரை மொழிபெயர்க்கறேன். கோப்பிங் ஸ்டைல் (கஷ்டம் வந்தா ஒருத்தர் அதை கையாளப் பாக்கற விதம்) வர்ற இடத்துல எல்லாம் 'எதிர்கொள்ளும் பாணி'ன்னு போட்டுட்டேன், ஓகேவா அண்ணா?

ரெண்டு பத்திக்கு ஓடும், அப்புறம் இடிக்கும். பிரச்சனை பக்கமே போகாம கதவை சாத்திட்டு போனை நோண்டிக்கிட்டு படுத்திருக்கறதும் கோப்பிங்தானே, அவாய்டன்ஸ்னு அதுக்கு வகையே இருக்கு, 'தவிர்ப்பு எதிர்கொள்ளல்'னு எழுதினா படிக்கறவங்க சிரிப்பாங்க. 'ஈடுகொடுத்தல்' நல்ல சொல்தான், ஆனா அதுல ஜெயிச்ச வாசனை அடிக்குது. உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984லயே பிரிச்சு சொல்லிட்டாங்க, கோப்பிங்னா முயற்சி, அது பலிச்சுதாங்கறது வேற கணக்கு.

என் ஓட்டு 'சமாளிப்பு'க்கு. "சும்மா சமாளிக்காதடா"ன்னு திட்டற தொனி இருக்குன்னு சிலருக்கு இளக்காரம், எனக்கு அதான் புடிச்சிருக்கு, ஒழுங்கா செஞ்சாலும் மழுப்பினாலும் ரெண்டும் அதுல அடங்கிடுது. பிரச்சனைசார் சமாளிப்பு, உணர்வுசார் சமாளிப்பு, தவிர்ப்புச் சமாளிப்பு, எல்லாம் ஒட்டுது.

இன்னொண்ணு, நீங்க டிப்ரஷனுக்கு 'மன அழுத்தம்' போட்டிருக்கீங்க, ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே. அப்ப உங்க மூணாவது வரி "மன அழுத்தத்தால் மன அழுத்தம் வருகிறது"ன்னு நிக்குது :) டிப்ரஷன் மனச்சோர்வாவே இருக்கட்டும்.

---

ஐயோ ஆமா அண்ணா, மாத்திடறேன். பெற்றோர் ஆதரவுல ஒரு சிக்கல். எத்னிக் க்ரூப்புக்கு 'இனக்குழு' போட்டாச்சு, ஆனா குழுவுக்கு குழு ஆதரவே வேற மாதிரி இருக்கே? உளவியலாளர்கள் ஷெல்லி டெய்லர், ஹீஜங் கிம் ஆய்வுகள்ல ஆசிய அமெரிக்கர்கள் வாய்விட்டு உதவி கேக்கறது கம்மி, கேட்டா உறவுக்கு பாரமாயிடுமோன்னு தயங்கறாங்க, ஆனா நம்ம ஆளுங்க இருக்காங்கங்கற நினைப்பே அவங்களுக்கு தெம்பு. "அப்பா அம்மாகிட்ட மனசுவிட்டு பேசுவியா"ன்னு மட்டும் கேட்டு மார்க் போட்டா அந்த பிள்ளைக்கு ஆதரவே இல்லன்னு ஆயிடும்ல?

---

கரெக்ட், அந்த இம்ப்ளிசிட் சப்போர்ட்டுக்கு 'சொல்லா ஆதரவு'ன்னு வைங்க, வாய்விட்டு கேட்டு வாங்கறது 'சொல்லும் ஆதரவு'. 'மறைமுக ஆதரவு' மட்டும் வேண்டாம், தேர்தல் செய்தி மாதிரி இருக்கும்.

---

சூப்பர். கடைசியா ருமினேஷன், 'அசைபோடல்'னு எழுதி வெச்சிருக்கேன்.

---

அசைபோடறது இனிமையான நினைவை இல்லையா? இது ஒரே கவலையை திரும்ப திரும்ப உள்ள போட்டு அரைக்கறது. 'மருகல்' பாருங்க.