"மக்கும் பை" மக்கவே இல்லை, என்ன செய்வது?

மாடித்தோட்டம்_திருச்சி:
வணக்கம். மூன்று வருடமாக 50 லிட்டர் டிரம்மில் சமையலறைக் கழிவைப் போட்டு உரம் எடுக்கிறேன். கடையில் கொடுத்த பச்சைப் பையில் "100% மக்கும்" என்று இருந்ததை நம்பி, தை மாதம் ஐந்தாறு பைகளைக் கிழித்து அதிலேயே போட்டேன். நேற்று டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தால், வாழைப்பூ மடல்கூடக் கறுப்பு மண்ணாகிவிட்டது, பை மட்டும் நாடா நாடாகக் கிடக்கிறது. எழுத்துகூட அழியவில்லை! இந்த உரத்தைக் கீரைக்குப் போடலாமா? இன்னும் பத்துப் பதினைந்து பைகள் சேர்த்து வைத்திருக்கிறேன், அவற்றை என்ன செய்ய?

பாலிமர்_தம்பி:
அக்கா, நல்ல பையாகவே இருந்தாலும் உங்கள் டிரம்மில் மக்குவது கஷ்டம். இவை பெரும்பாலும் பிஎல்ஏ, பிபிஏடி என்ற மக்கும் வகைப் பிளாஸ்டிக்குகளும் ஸ்டார்ச்சும் கலந்தவை. மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 17088 என்ற சர்வதேசத் தரத்துக்கான சோதனையே 58 டிகிரி சூட்டில்தான் நடக்கிறது. அந்தச் சூட்டில் 12 வாரத்தில் சிதைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது, ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் மக்கிவிட வேண்டும். டன் கணக்கில் குவித்துக் கிளறும் உரக்கிடங்கில் அந்தச் சூடு தானாக வரும். வீட்டு டிரம்மில் கையை விட்டால் வெதுவெதுப்போடு சரி. உரத்தைச் சலித்துவிட்டுப் பூச்செடிக்குப் போடுங்கள், கீரைக்கு இப்போது வேண்டாம்.

காவிரிக்கரை:
முதலில் அது உண்மையிலேயே மக்கும் பைதானா என்று பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், "கம்போஸ்டபிள்" என்ற சொல், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். ஒரு துண்டை வெட்டி, காற்றுக்குமிழ் போகத் தேய்த்துத் தண்ணீரில் விடுங்கள். பிஎல்ஏ, பிபிஏடி தண்ணீரைவிடக் கனம், மூழ்கிவிடும். மிதந்தால் பாலிதீன் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுண்ணாம்புத்தூள் கலந்த பாலிதீனும் மூழ்கும் என்பதால், மூழ்கியதை வைத்து மட்டும் நல்ல பை என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, பாலிதீனில் உலோக உப்பு சேர்த்த ஆக்சோ வகையையும் மக்கும் என்றே விற்கிறார்கள். அது வெயிலில் நொறுங்கித் துணுக்குத் துணுக்காக மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இலேயே அதைத் தடை செய்துவிட்டது.

உரக்கூடம்:
நான் ஒரு பேரூராட்சி உரக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். குப்பையோடு ஈரப் பை வந்தால் எந்த ரகம் என்று பார்க்க எங்கள் அக்காக்களுக்கு நேரமே கிடையாது, கிழித்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுப் பையைத் தூக்கி ஓரமாகப் போடுவார்கள். மக்கும் பையும் அந்த ஓரத்துக்குத்தான் போகிறது. அதனால் தயவுசெய்து ஈரக்கழிவைப் பையே இல்லாமல் வாளியில் கொடுங்கள். சேர்த்து வைத்த பைகளைக் கிழியும்வரை கடைக்குக் கொண்டுபோங்கள். அப்புறம் தனியாகக் கட்டி "மக்கும் பை" என்று சொல்லிக் கொடுங்கள். பழைய பேப்பர் கடையில் மற்ற கவரோடு கலந்து போட்டால் மறுசுழற்சிக்கு உருக்கி எடுக்கிற பிளாஸ்டிக் குருணை கெட்டுப்போகும். எரிக்கவே எரிக்காதீர்கள்.

மாடித்தோட்டம்_திருச்சி:
மூன்று பேருக்கும் நன்றி. இப்போதுதான் சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், எத்தனை தடவை அமுக்கினாலும் மேலே வருகிறது. சான்றிதழ் எண்ணும் இல்லை. நாளை காலையில் பையையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன், பாவம், அவரும் மக்கும் பை என்று நம்பிக் கூடுதல் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்.