சைக்கிள் ஹப் கிரீஸ்: கழுவின மண்ணெண்ணெயை எங்கே கொட்டுவது?

வாய்க்கால்கரை:
அப்பாவின் பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பின் சக்கரத்தின் நடுவில், அச்சு ஓடும் ஹப்பில் பக்கத்துக்கு 9 பால்ஸ். கிரீஸ் கறுத்து, மணல் கலந்து, ஆறின அல்வா மாதிரி இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டதும் பால்ஸ் பளிச்சென்று வந்துவிட்டன. மிஞ்சின கறுப்புத் திரவம்தான் பிரச்சினை. எங்கள் தெருச் சாக்கடை நேராக வாய்க்காலில் விழுகிறது, அந்தத் தண்ணீரில்தான் கீழே நாற்று நடுகிறார்கள். கொட்ட மனசு வரவில்லை. இனிமேல் கிரீஸே வேண்டாமென்று விளக்கெண்ணெய் விட்டால் ஆகாதா?

பஞ்சர்கடை:
விளக்கெண்ணெய் வேண்டாம் தம்பி. நாலு நாள் நன்றாக ஓடும். அப்புறம் வழிந்துவிடும், மிச்சம் தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கும். ஒரு மழையில் நனைந்தால், பால்ஸ் உருளும் கோன் துருப்பிடித்துக் குழி விழும். கோன், பால்ஸ் உட்காரும் கப் எல்லாம் புதுசு வாங்கணும். அந்த இரும்பெல்லாம் சும்மாவா வருகிறது?

ஆய்வகத்தான்:
வேடிக்கை என்னவென்றால், கடையில் வாங்கும் லித்தியம் கிரீஸிலேயே ஆமணக்கு இருக்கிறது. ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் கொழுப்பு அமிலத்தை லித்தியத்தோடு சேர்த்துச் செய்யும் சோப்புதான் அதைக் கெட்டியாக வைப்பது. மீதி பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய், மண்ணில் மெதுவாகத்தான் மட்கும். சிலவற்றில் துத்தநாகச் சேர்மமும் உண்டு, அது நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. டப்பாவில் டெஃப்லான் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள், அது மட்கவே மட்காது.

மட்கும் கிரீஸும் இருக்கிறது. அமெரிக்கக் கடற்பகுதிக்கு வரும் பெரிய கப்பல்களில், தண்ணீரைத் தொடும் பாகங்களுக்கு அந்த வகைதான் போடவேண்டுமென்று 2013-இல் விதி வந்தது. ஆனால் சைக்கிள் ஹப் மூடிக்கிடப்பது. உள்ளே போவது ஒரு ஸ்பூன்கூட வராது, போட்டது அங்கேயே இருக்கும். ரோட்டில் தெறிப்பது செயின் ஆயில்தான். உங்கள் விஷயத்தில் பெரிய கழிவு அந்த மண்ணெண்ணெய்.

வாய்க்கால்கரை:
சரி, அதை என்ன செய்ய? ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது.

பஞ்சர்கடை:
மூடி, ஆடாமல் வை. மறுநாள் மணலும் இரும்புத்தூளும் அடியில் தங்கிவிடும். தெளிந்ததை வடித்து அடுத்த ஹப்புக்கு வைத்துக்கொள். கடையில் நான் ஒரே டப்பாவை மாசக்கணக்கில் ஓட்டுவேன். அடுத்த தடவை முதலில் பனியன் வேஸ்ட்டால் கிரீஸை வழித்தெடு, அப்புறம் கழுவ அரை டம்ளர் போதும். அடிச்சேற்றைப் பைக் மெக்கானிக் கடையின் வேஸ்ட் ஆயில் டிரம்மில் போடலாமா என்று கேள். மண்ணெண்ணெய் கலந்தது என்று சொல்லிவிட்டுக் கொடு.

ஆய்வகத்தான்:
அந்த டிரம் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி, பழைய ஆயில் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போகவேண்டும். செங்கல் சூளையில் எரிக்க அல்ல.

பஞ்சர்கடை:
அதையும் கேட்கட்டும். தம்பி, ஹப்பை மூட்டும்போது அதன் வாயை மூடும் டஸ்ட் கேப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே. நெளிந்திருந்தால் தட்டி நேராக்கி உட்காரவை. மணல் உள்ளே போகாவிட்டால் சீக்கிரம் பிரிக்க வேண்டியதில்லை.