டர்பனுக்குக் குடிபோகிறோம்: போன புதிதில் உங்களுக்கு என்னென்ன நடந்தது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு டர்பனில் வேலை. மார்ச்சிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஜூலை முதல் வாரம் நானும் ஆறு வயது மகனும் அத்தையும் (அவருடைய அம்மா) தஞ்சாவூரிலிருந்து கிளம்புகிறோம். மூன்று பேருக்குமே இது முதல் வெளிநாடு.

விசா, பள்ளிக்கூடம் எல்லாம் அவர் பார்த்துக்கொள்கிறார். எனக்கு வேண்டியது வேறு. தென்னாப்பிரிக்காவுக்குப் போன புதிதில் எங்கே தடுமாறினீர்கள், எதைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள்? உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அத்தைக்கு ஆங்கிலம் வராது. "அங்கதான் அத்தனை தமிழ்க்காரங்க இருக்காங்களே, பேச்சுத் துணைக்கா பஞ்சம்" என்று தைரியமாக இருக்கிறார். அது சரிதானா?

பாளையங்கோட்டைக்காரி:

தங்கச்சி, உன் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 2011-ல் நானும் அதே தைரியத்தில்தான் வந்து இறங்கினேன்.

சாட்ஸ்வொர்த்தில் (டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் பகுதி) ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். இங்கே அதை அவுட்பில்டிங் என்பார்கள். வீட்டுக்காரர் பெயர்ப்பலகையில் 'கவெண்டர்' என்று இருந்தது. நம் கவுண்டர்தான். முதலி இங்கே மூட்லி. உள்ளே எட்டிப் பார்த்தால் முருகன் படம், குத்துவிளக்கு, வீட்டுக்கார ஆன்ட்டி நெற்றியில் குங்குமம். எனக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. குப்பை எங்கே போடணும், பக்கத்தில் கோயில் எங்கே இருக்கு, தயிருக்கு உறை மோர் கிடைக்குமா என்று மடமடவெனக் கேட்டுத் தள்ளினேன்.

ஆன்ட்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்க ஆயா பேசுற மாதிரியே இருக்கு. ஆனா ஒரு வார்த்தைகூடப் புரியலை, மா." அந்த 'மா' மட்டும் தமிழ்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை இன்னும் குழப்பியது. "நீங்க தமிழா, ஹிந்துவா?" இரண்டும்தான் என்றேன். அவருக்கும் புரியவில்லை. இங்கே 'தமிழ்' என்றால் மொழி மட்டும் இல்லை. எந்தக் கோயில், எந்த முறையில் கல்யாணம், கருமாதி என்பதெல்லாம் அதில் அடங்கும். ஹிந்தி பேசிய குடும்பங்களின் வழிவந்தவர்களைத்தான் பேச்சு வழக்கில் 'ஹிந்து' என்பார்கள். ஒரு வார்த்தையும் தமிழ் பேசாத பையன் "ஐ ஆம் தமிழ்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போது அவன் சொல்வது முழு உண்மை. இது எனக்கு விளங்க ஆறு மாதம் ஆனது. உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கட்டும்.

அத்தை கேட்கிற மாதிரிப் பேச்சுத்துணை கிடைப்பது கஷ்டம். ஆனால் வேறொன்று கிடைக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது தடுமாறிய கதைகள்.

வந்த மூன்றாம் நாள் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. ஆளைக் கூப்பிட்டால் "ஜஸ்ட் நவ்" வருகிறேன் என்றார். நம் ஊரில் 'ஜஸ்ட் நவ் வந்தார்' என்றால் ஆள் வந்தே விட்டார் என்று பொருள். குளிக்காமல், அடுப்பு மூட்டாமல், வாசலையும் வாளியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குச் சிரித்த முகத்தோடு வந்தார். அவர் மேல் தப்பே இல்லை. இங்கே ஜஸ்ட் நவ் என்றால் 'அப்புறம் வருகிறேன்' என்றுதான் அர்த்தம். 'நவ் நவ்' என்று இரட்டித்துச் சொன்னால் சீக்கிரம் வருவார்கள்.

அடுத்தது மினிபஸ் டாக்ஸி. வார்விக் சந்திப்பில் ஏறி, காற்று வருமே என்று டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டி நோட்டை நீட்டியது. வாங்கிக்கொண்டேன். அப்புறம் இன்னொரு கை, சில்லறை. முன்னால் உட்காருகிறவர்தான் கண்டக்டர் என்பது எனக்கு யார் சொன்னது! பதினைந்து பேர் காசு மடியில். யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு மீதி என்று ஒன்றும் தெரியவில்லை. கை நடுங்கிவிட்டது. பின் வரிசையிலிருந்த ஒரு ஜூலு அம்மா முன்னால் சாய்ந்து, என் மடியிலிருந்தே எடுத்து எண்ணி, ஒவ்வொருவருக்கும் மீதியை அனுப்பி முடித்துவிட்டு, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இறங்கும் இடத்தைக் கூவிச் சொல்ல வேண்டும். "ஆஃப்டர் ரோபோ!" என்றால் சிக்னலைத் தாண்டி நிறுத்து என்று பொருள். இங்கே டிராஃபிக் சிக்னலுக்குப் பெயர் ரோபோ.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. அரை ரொட்டியின் உள்ளே குடைந்து குழம்பை ஊற்றித் தருவார்கள். பெயர் பன்னி சவ். ஆங்கிலத்தில் பன்னி என்றால் முயல், ஆனால் முயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வணிகரைக் குறிக்கும் பனியா என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கரண்டி கேட்காதே, குடைந்தெடுத்த ரொட்டித் துண்டு மேலேயே இருக்கும், அதில் தொட்டுக் கையால் சாப்பிடத் தொடங்க வேண்டும். பீன்ஸ் போட்ட சைவப் பன்னியும் உண்டு. எச்சரிக்கை எதற்கென்றால், அன்றிரவு அம்மாவிடம் போனில் "மத்தியானம் பன்னிதான் சாப்பிட்டோம்" என்றேன். மறுமுனையில் பேச்சே இல்லை. அப்பா வாங்கி, "அந்த ஊருக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகலையே" என்றார். விளக்கி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. சந்தையில் காய் விற்கும் அம்மாவிடம் போனதும் போகாததுமாக "தக்காளி எவ்வளவு?" என்று கேட்காதே. நான் கேட்டேன். அந்த அம்மா பதிலே சொல்லவில்லை. "ஹலோ. எப்படி இருக்கிறாய்?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. முதலில் "சாவுபோனா" சொல்ல வேண்டும். 'உன்னைப் பார்த்தோம்' என்று அதற்குப் பொருள். நலம் விசாரித்த பிறகுதான் விலை. காசு கொடுக்கும்போதும் வாங்கும்போதும் வலது கையை நீட்டி, இடது கையால் முழங்கைக்குக் கீழே தொட்டுக்கொள்வார்கள். அத்தைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். பெரியவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்துப் பழகிய கை தானாகவே அப்படித்தான் நீளும்.

சரி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே. ஆடி மாதம் ஆன்ட்டி "போரிட்ஜ் ப்ரேயருக்கு வா" என்று கூப்பிட்டார். காலை உணவு ஏதோ தருகிறார்கள் என்று நினைத்துச் சுடிதாரில் போனேன். போனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்று! வேப்பிலை, கரகம், உடுக்கை. கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவு, புளித்த மோர், வெங்காயம். ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து நூறு பேர் தமிழில் பாடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாது, ஆனால் ராகம் பிசகவில்லை. எங்கள் தெருவில் கூழ் ஊற்றுவது நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது.

அன்று மாலை ஆன்ட்டி ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பழுப்பேறிய அட்டை, ஓரம் கரையான் தின்றது. அவர் ஆயா எழுதியது. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாததால் சாமிப் பாட்டாக இருக்கும் என்று பூஜை அறையில் வைத்துக் குங்குமம் வைத்திருந்தார்கள். பிரித்துப் படித்தேன். மளிகைக் கடன் கணக்கு. 'பருப்பு, மண்ணெண்ணெய், பாக்கி 2 ஷில்லிங் 6 பென்ஸ்.' நடுவில் ஒரு பக்கம் பிள்ளைக்கு வயிற்று உப்புசத்துக்கு ஓமத் தண்ணீர் வைக்கும் விதம். அதற்குக் கீழே, 'சின்னவன் இன்று நடந்தான்.' சின்னவன் என்பது ஆன்ட்டியின் அப்பா. அந்த வரியை என்னை நாலு தடவை வாசிக்கச் சொன்னார். நோட்டை மறுபடி பூஜை அறையிலேயே வைத்தார்.

கடலோரத் தாத்தா:

மகளே, நான் இங்கே பிறந்தவன். வயது 68. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் எழுதப் படித்தேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

மேலே எழுதிய மகள் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். இந்தியாவிலிருந்து புதிதாக வரும் சிலர் எங்களிடம் "தமிழ் தெரியாத தமிழனா?" என்று கேட்கிறார்கள். அது வலிக்கும். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு இங்கே வந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில்வேக்கும் வந்தார்கள். பெரும்பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. நான் டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்தேன். கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் சாயங்காலத் தமிழ்ப் பள்ளி இருந்தது. அண்ணன் அங்கே படித்தார். என் முறை வருவதற்குள் குழுப் பகுதிச் சட்டத்தை (ஒவ்வொரு இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற நிறவெறிக் காலச் சட்டம்) சொல்லி எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். ஆசிரியர் வேறு பக்கம் போய்விட்டார். அரசுப் பள்ளியில் தமிழ் இல்லை. நாங்கள் மொழியை வேண்டாம் என்று விடவில்லை. 1996 அரசியல் சட்டம் தமிழைப் பெயர் சொல்லி, வளர்த்து மதிக்க வேண்டிய மொழி என்று குறிப்பிடுகிறது. அதைப் படித்த நாளில் என் மனைவி பாயசம் வைத்தார்.

எனக்கும் ஒரு முதல் பயணம் உண்டு. 2006-ல் சென்னை. டீக்கடையில் நுழைந்து, இங்கே செய்வதுபோல், உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கை கொடுத்து "வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். மாஸ்டர் ஆற்றிய டீயை நிறுத்திவிட்டு, "சார் எந்தக் கட்சி?" என்று கேட்டார். நான் டர்பன் என்றேன். அரைமணி நேரம் உட்காரவைத்துக் கதை கேட்டார்கள். டீக்குக் காசு வாங்கவில்லை.

ஜோபர்க் ராஜபாளையம்:

அக்கா, எல்லோரும் மனசைச் சொல்லிவிட்டார்கள், நான் மிக்ஸியைச் சொல்கிறேன். மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், மிக்ஸி கிரைண்டர் தாராளமாக ஓடும். ஆனால் இங்கே பழைய வீடுகளில் பெரிய உருண்டை மூன்று முனை சாக்கெட். நம் வீட்டில் ஏசி, கீசருக்குப் போடுகிற 15 ஆம்பியர் பவர் பிளக் அதில் அப்படியே பொருந்தும். மிக்ஸியின் சின்ன பிளக் அதில் பொருந்தாது.  ஒரு மாற்றுப் பிளக் அங்கேயே வாங்கிப் பெட்டியில் போடுங்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் ஜூனில் ஜோஹன்னஸ்பர்க் வந்தவன் நான். இது 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஊர். தரை ஐஸ், வீட்டில் ஹீட்டர் இல்லை, திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர்தான் கதி. டர்பன் கடலோரம், அவ்வளவு குளிராது. இருந்தாலும் ஜூலை இங்கே நடுக்குளிர்காலம். அத்தைக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள்.

காவிரிக்கரை:

அக்கா, தாத்தா, ராஜபாளையத்துத் தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பன்னிக் கதைக்குச் சிரித்தார், நோட்டுக் கதைக்குப் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். காலையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தக் கூழ் ஊத்துற கோயில்ல நான் பாடலாமா? புத்தகம் வேண்டாம், எனக்கு மனப்பாடம்." என்ன சொல்லட்டும் அக்கா?

பாளையங்கோட்டைக்காரி:

ஆன்ட்டியிடம் கேட்டுவிட்டேன். ஆடி இரண்டாம் ஞாயிறு, காலை எட்டு மணி. கூட்டிக்கொண்டு போக அவரே கார் கொண்டுவருகிறாராம். ஜஸ்ட் நவ் இல்லை, சரியாக ஏழேகாலுக்கு.