கேம் கன்ட்ரோலரில் டிஜே மென்பொருள் ஓட்டுவது: அனுபவப் பகிர்வு

பெரம்பூர்_டெக்2

டிஜே கன்ட்ரோலர் வாங்கக் காசு சேரும்வரை வீட்டில் சும்மா கிடக்கும் கேம் கன்ட்ரோலரை வைத்து ஓட்டலாமா என்று கேட்கிறவர்களுக்காக இந்தத் திரி. தாராளமாக ஓட்டலாம். எந்த வேலையை எந்த விரலுக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டிஜே கன்ட்ரோலரில் உள்ள ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபட்டை) வைத்த இடத்தில் நிற்கும். ஸ்டிக் நிற்காது, விட்டால் நடுவுக்கு வந்துவிடும். டிரிகர் பூஜ்யத்துக்குப் போய்விடும். வால்யூமை அப்படியே ஸ்டிக்கில் போட்டால், கட்டைவிரலை எடுத்த மறுகணம் பாட்டு பாதிச் சத்தத்துக்கு இறங்கும். பலர் முதல் நாளிலேயே வெறுத்துப்போய் விட்டுவிடுவது இதனால்தான். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய வேலைகளை மட்டும் இவற்றுக்குக் கொடுங்கள். ஃபில்டர் இதற்கென்றே செய்த மாதிரி பொருந்தும்: நடுவில் ஃபில்டர் இல்லை, இடப்பக்கம் லோ-பாஸ் (கனத்த ஒலி மட்டும் கேட்கும்), வலப்பக்கம் ஹை-பாஸ் (உயர்ந்த ஒலி மட்டும் கேட்கும்). பாட்டைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் நட்ஜ் வேலையும் ஸ்டிக்குக்குச் சரி. எக்கோ, ரிவர்ப் அளவு டிரிகருக்கு.

வால்யூம், ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் அளவு), கிராஸ்ஃபேடர் (ஒரு பாட்டிலிருந்து மற்றதுக்கு மாற்றும் தள்ளுபட்டை) எல்லாம் ஸ்டிக்கில் வந்தே ஆகவேண்டும் என்றால், சாய்வை இடமாக எடுக்காமல் வேகமாக எடுங்கள். 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை சாய்வைப் பார்த்து, முழுச் சாய்வுக்கு 2 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்தால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 1 விநாடி. விட்டால் வைத்த இடத்திலேயே நிற்கும். மிக்ஸ் மென்பொருளில் (கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்களே, அது) ஸ்கிரிப்ட் டைமரின் குறைந்தபட்ச இடைவெளியும் அதே 20 மில்லி விநாடிதான்.

இடது மேல் ஓரத்தில் உள்ள எல்1 பட்டனை ஷிஃப்ட்டாக (பிடித்திருக்கும்போது மற்ற பட்டன்கள் வேறு வேலை செய்யும்) ஒதுக்கிவிடுங்கள். மற்ற பட்டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலை கிடைக்கும்.

குரோம்பேட்டை_லூப்

மிக்ஸ் இலவசம், ஹெச்ஐடி கருவிகளை (கீபோர்டு, மவுஸ், கேம் கன்ட்ரோலர் போன்றவை கணினியோடு பேசும் முறை) நேரடியாகப் படிக்கும், நடுவில் வேறு மென்பொருள் தேவையில்லை. பிஎஸ்3 கன்ட்ரோலருக்கும் நிண்டெண்டோ வீ-யின் கைக்கருவியான வீமோட்டுக்கும் மேப்பிங் (எந்த பட்டனுக்கு எந்த வேலை என்ற கோப்பு) அதிலேயே இருக்கிறது. பிஎஸ்4 கன்ட்ரோலருக்கு நீங்களே எழுதுவதானால் கேபிளில் வரும் தகவலின் வரிசை இது. பூஜ்யத்திலிருந்து பைட்டுகளை எண்ணுங்கள். 0 ரிப்போர்ட் எண் (ரிப்போர்ட் என்பது கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் அனுப்பும் தகவல் தொகுப்பு). 1, 2 இடது ஸ்டிக், 3, 4 வலது ஸ்டிக், நடுவில் இருக்கும்போது 128-ஐ ஒட்டி வரும். 5-வது பைட்டின் கீழ் நான்கு பிட் திசைப் பட்டன்: மேலே 0, அங்கிருந்து வலச்சுற்றாக 7 வரை, எதையும் தொடாவிட்டால் 8. அதே பைட்டின் மேல் நான்கு பிட் சதுரம், கிராஸ், வட்டம், முக்கோணம். 6-வதில் எல்1, ஆர்1 முதல் ஸ்டிக் அழுத்தம் வரை. 8, 9 டிரிகர்களின் அளவு, 0 முதல் 255.

7-வது பைட்டில் கவனம். அதன் மேல் ஆறு பிட் வெறும் எண்ணி, ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் மாறும். பின்னால் வரும் கைரோ (அசைவு உணரி) எண்களும் சும்மா மேசையில் வைத்திருந்தாலே மாறிக்கொண்டிருக்கும். ரிப்போர்ட் மாறியதா என்று மொத்தமாகப் பார்த்தால் எப்போதும் மாறியிருக்கும். தேவையான பைட்டை மட்டும் முந்தைய மதிப்போடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் கட்டளை அனுப்புங்கள். இல்லாவிட்டால் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பிடிப்பதற்குள் பிளே பல முறை மாறி மாறி ஓடும்.

புளூடூத்தில் இதே மேப்பிங் ஓடாது. முழு ரிப்போர்ட்டின் எண் 17, தகவல் எல்லாம் இரண்டு பைட் தள்ளி வரும். ஆயிரம் செல்போன் நிற்கும் கல்யாண மண்டபத்தில் புளூடூத்தை நம்பவே வேண்டாம், கேபிளில் ஓட்டுங்கள். கேபிளிலும் ஒரு சிக்கல்: பழைய செல்போன் சார்ஜர் ஒயர்கள் பலவற்றில் தகவல் கம்பியே கிடையாது. கன்ட்ரோலர் சார்ஜ் ஏறும், லேப்டாப் கண்டுகொள்ளாது. மேப்பிங்கைத் திட்டுவதற்கு முன் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

ஸ்டிக்கில் ஸ்க்ராட்ச் (இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்க்கும் சத்தம்) வேண்டுமா? ஸ்டிக்கின் கோணத்தைக் கணக்கிட்டு, முந்தைய கோணத்தோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்ப வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 128 டிக் (படி), தட்டின் வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று வைத்தால் கைக்குப் படியும். கோணம் 180-ஐத் தாண்டி மைனஸ் 180-க்குக் குதிக்கும் இடத்தில் 360 கூட்டியோ கழித்தோ சரிசெய்யாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் பாட்டு ஒரு முழுச் சுற்று பின்னால் பாயும். ஸ்டிக் ஓரத்தில் இருக்கும்போது மட்டும் ஸ்க்ராட்ச், பாதிக்குக் கீழே வந்தால் விட்டுவிடு என்று வையுங்கள்.

வியாசர்பாடி_மிக்ஸ்

என்கிட்ட இருக்கிறது எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர், விண்டோஸ். ரெண்டு டிரிகரையும் சேர்த்து அழுத்தினா எஃபெக்ட் ரெண்டும் அணைஞ்சுடுது. பிளே தட்டினா சில நேரம் ஒண்ணுமே நடக்கல, ஆனா லைட் மட்டும் ஒரு மின்னு மின்னுது. அண்ணே, பட்டன் போயிடுச்சா?

பெரம்பூர்_டெக்2

பட்டன் நல்லா இருக்கு தம்பி. இரண்டும் தெரிந்த சிக்கல்தான்.

டிரிகர்: அந்த கன்ட்ரோலரை விண்டோஸின் பழைய வழியான டைரக்ட்இன்புட்டில் படித்தால் இரண்டு டிரிகரும் ஒரே அச்சில் வரும், ஒன்று கூட்டும், மற்றது கழிக்கும். சேர்த்து அழுத்தினால் கூட்டிக் கழித்து நடுவுக்கு வந்துவிடும். புதிய வழியான எக்ஸ்இன்புட்டில் படிக்கும் மென்பொருளை வைத்து மிடியாக (இசைக் கருவிகளும் கணினியும் பேசும் மொழி) மாற்றுங்கள், இரண்டும் தனித்தனியாக 0 முதல் 255 வரை கிடைக்கும். விண்டோஸில் அதற்கு லூப்மிடி என்ற இலவச மெய்நிகர் போர்ட் போதும். டிஜே மென்பொருளின் மிடி வெளியீட்டை அதே போர்ட்டுக்குத் திருப்பிவிடாதீர்கள். சுற்றிச் சுற்றி வரும் தகவலைக் கண்டால் லூப்மிடி அந்தப் போர்ட்டையே ஊமையாக்கிவிடும்.

பிளே: ஒரே அழுத்தம் இரண்டு வழியில் போகிறது. முதல் தட்டில் ஓடி, அதே நொடியில் இரண்டாவதில் நின்றுவிடுகிறது. லைட் மின்னுவது அதனால்தான். பெரும்பாலும் பின்னால் ஸ்டீம் (கேம் வாங்கி ஆடும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருக்கும். அது ஸ்டிக்கை மவுஸாகவும் பட்டனை என்டராகவும் மாற்றி வைக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானில் போய் முழுதாக வெளியேறுங்கள், ஜன்னலை மூடினால் போதாது. பிஎஸ்4 கன்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸாகக் காட்டும் மென்பொருள் போட்டிருந்தாலும் இதே கதை: அசலும் நகலும் இரண்டும் தெரியும், அசலை மறைக்க வேண்டும். நடுவில் உள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டன் கேம் பாரைத் திறக்கும், அதையும் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள்.

லினக்ஸில் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் ஹெச்ஐடி பட்டியலில் வரவே வராது. அது ஹெச்ஐடி கருவியே அல்ல, தனி டிரைவர். அங்கேயும் மிடி வழிதான்.

இன்னொன்று. மிடி மதிப்பு 0 முதல் 127 வரைதான். பாட்டின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடரை அதில் போட்டு எல்லை கூட்டல் கழித்தல் 8 சதவீதம் என்றால் ஒரு படி சுமார் 0.126 சதவீதம், 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) பாட்டில் 0.15 பிபிஎம். ஒரு படி தவறினாலே சுமார் 24 விநாடியில் இரண்டு பாட்டின் அடிகளும் 30 மில்லி விநாடி விலகும், அது காதுக்குத் தெரியும். பிட்சை மிடி வழியாக ஸ்டிக்கில் வைக்காதீர்கள். திசைப் பட்டனில் சின்னச் சின்னப் படியாக வையுங்கள்.

மயிலாப்பூர்_ஹெட்ஃபோன்

க்யூ (அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் முன்கூட்டியே) கேட்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டிஜே கன்ட்ரோலருக்குள் சவுண்ட் கார்டு இருக்கும், இதில் கிடையாது என்று நினைக்கிறோம். பிஎஸ்4 கன்ட்ரோலரை யூஎஸ்பியில் மாட்டினால் அதன் ஹெட்ஃபோன் ஜாக் தனி ஆடியோ கருவியாகத் தெரியும், 32 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. அடுத்த பாட்டைக் காதில் கேட்டுப் பார்க்க அது போதும். மெயின் சத்தத்துக்கு லேப்டாப் ஜாக் அல்லது நல்ல யூஎஸ்பி சவுண்ட் கார்டு.

இதில் ஆபத்தும் உண்டு. கன்ட்ரோலரை மாட்டியதும் விண்டோஸ் அதையே முதன்மை ஆடியோ கருவியாக எடுத்துக்கொள்ளக்கூடும். மென்பொருளில் மெயின் வெளியீட்டுக்கு "இயல்பு" என்று விட்டிருந்தால் மண்டபம் அமைதியாகிவிடும், பாட்டு கன்ட்ரோலர் ஜாக்கில் ஓடிக்கொண்டிருக்கும். சவுண்ட் கார்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். தள்ளித் தள்ளிக் கேட்கிறதே என்றால் பஃபரை (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) பாருங்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்பது 11.6 மில்லி விநாடி, 256 என்றால் 5.8.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடியில் லேப்டாப் பேட்டரியில் தாங்கும். அடாப்டரில் ஓடும் யூஎஸ்பி ஹப் தாங்காது, கன்ட்ரோலர் கழன்று மீண்டும் சேரும். மிக்ஸின் பல பதிப்புகள் அப்படி மீண்டும் சேர்ந்த கன்ட்ரோலரைத் தானாகப் பிடிப்பதில்லை, மூடித் திறக்க வேண்டும். ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்கவைப்பது) அணைத்துவிடுங்கள்.

ராயபுரம்_சால்டர்

பர்மா பஜார் பக்கம் பழைய டிஜே ஹீரோ தட்டு கண்ணில் பட்டால், 2009-இல் வந்த விளையாட்டின் கருவி அது, எந்த கன்சோலுக்கானது என்று பார்த்து வாங்குங்கள். பிஎஸ்3 வகைக்கு யூஎஸ்பி டாங்கிள் தனி. அது இல்லாமல் தட்டு மட்டும் வாங்கினால் பயனில்லை. வீ வகை வீமோட்டில் செருகும் இணைப்பியோடு வரும், அதை ஐ2சி (சிப்கள் இரண்டு கம்பியில் பேசும் முறை) வழியாக ஆர்டுயினோ என்ற சின்ன போர்டில் படிக்கலாம். ரிட்சி தெருவில் கேட்கும்போது 32யூ4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ என்று கேளுங்கள், அது கணினிக்கு நேராக மிடி கருவியாகத் தெரியும். ஆர்டுயினோ ஊனோ அப்படித் தெரியாது. இணைப்பு 3.3 வோல்ட், 5 வோல்ட் போர்டானால் லெவல் கன்வெர்ட்டர் போடுங்கள்.

தட்டு தருவது சுழலும் வேகத்தை, இடத்தை அல்ல. ஸ்க்ராட்ச் சுமாராக வரும். கிராஸ்ஃபேடருக்கு மொத்தமே 16 படிதான், மெல்ல நகர்த்தினால் சத்தம் படிப்படியாகக் குதிக்கும். வெட்டி வெட்டிப் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக் டிரிஃப்ட் (தொடாமலே ஸ்டிக் நகர்ந்ததாகக் காட்டுவது) பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் புழுக்கத்திலும் வியர்வையிலும், ஈசிஆர் பக்கம் உப்புக் காற்றிலும் ஸ்டிக்கின் கார்பன் தடம் சீக்கிரம் கெடும். கேமில் ஆள் மெல்ல நகர்வார், அவ்வளவுதான். டிஜேயில் ஃபில்டர் பாதி திறந்தபடி நின்று பாட்டு மூக்கடைத்த மாதிரி கேட்கும். நடுவில் 10 சதவீதத்தை வட்டமாகக் கணக்கிட்டு ஒதுக்குங்கள், அந்த எல்லையிலிருந்து பூஜ்யத்தை ஆரம்பியுங்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் விட்டுச் சுத்தம் செய்தால் சில வாரம் தாங்கும். நிரந்தரத் தீர்வு காந்தத்தை வைத்து உணரும் ஹால் சென்சார் ஸ்டிக்: ஒரு ஸ்டிக்குக்கு 14 இடத்தில் ஈயம் எடுக்க வேண்டும், ஈயம் உறிஞ்சும் பம்ப் மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் போர்டின் தடம் கிழியும். மாற்றியபின் காலிப்ரேஷன் கட்டாயம்.

குரோம்பேட்டை_லூப்

நம் பாட்டுக்கு மட்டும் ஒரு சேர்க்கை. குத்துப் பாட்டின் ஆறெட்டு நடையை மென்பொருள் தப்பாக எண்ணும். 130 பிபிஎம் பாட்டை 195 என்றோ 97.5 என்றோ காட்டும். மிக்ஸில் பிபிஎம்மை 2/3, 4/3 மடங்காக மாற்றும் வசதி இருக்கிறது: 195-க்கு முதலாவது, 97.5-க்கு இரண்டாவது. இதைச் சரிசெய்யாமல் சிங்க் பட்டனை (இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாக ஒன்றாக்குவது) தொடாதீர்கள்.

எண்பதுகளின் பாட்டு வேறு வகை. ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை, வேகம் வரிக்கு வரி கொஞ்சம் மாறும். பகுப்பாய்வு அமைப்பில் "மாறாத வேகம்" என்ற தேர்வை எடுத்துவிட்டு மறுபடி பகுப்பாய்வு செய்யுங்கள். ஓட்டும்போது சிங்க் இல்லாமல் வலது ஸ்டிக் நட்ஜில் பிடியுங்கள். முழுச் சாய்வுக்கு 4 சதவீதம், சாய்வின் வர்க்கத்தை (சாய்வை அதே சாய்வால் பெருக்கியதை) எடுங்கள், பாதிச் சாய்வுக்கு 1 சதவீதம்தான் வரும்.  பல்லவி முடிந்து இடையிசை ஆரம்பிக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் விலகும், அங்கே கட்டைவிரல் ஸ்டிக்கின் மேல் இருக்கட்டும்.