முருங்கையில் தொங்கிய தேனீக்கள் கொட்டுமா, கொட்டாதா?

வேளச்சேரி மாடித்தோட்டம்: எங்கள் குடியிருப்பின் முருங்கை மரத்தில் நேற்றிலிருந்து பலாக்காய் அளவுக்குத் தேனீக்கள் தொங்குகின்றன. தீயணைப்புத் துறையை அழைக்கலாமா என்று கேட்டேன். "பிரிந்து வந்த கூட்டம் கொட்டாது, விட்டுவிடுங்கள்" என்று இங்கே ஒருவர் எழுதினார். இன்று காலை எங்கள் காவலாளிக்குக் கழுத்தில் நான்கு கொட்டு. என்ன பதில்?

மார்த்தாண்டத்துக்காரன்: எழுதியது நான்தான். இப்போதும் அதையே சொல்கிறேன், கொட்டாது. பழைய ராணியோடு கிளம்பும் தேனீக்கள் வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டு வருகின்றன. காப்பதற்கு அடையும் இல்லை, புழுவும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் என் அப்பா அவற்றை வெறுங்கையால் அள்ளிப் பெட்டியில் விட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். காவலாளி என்ன செய்தார், அதைச் சொல்லுங்கள்.

வேளச்சேரி மாடித்தோட்டம்: குழாயைத் திருப்பித் தண்ணீர் அடித்தார். அதனால் என்ன? கொட்டியதா இல்லையா?

மார்த்தாண்டத்துக்காரன்: முகத்தில் தண்ணீர் அடித்தால் பசுவும்தான் முட்டும்.

பெரம்பூர்வாசி: கொட்டும் ஐயா. எங்கள் அலுவலகத்தின் நான்காம் மாடியில் கூடு கலைந்து பதினோரு பேரைக் கொட்டியது. ஒருவர் இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். நீங்கள் அப்பா கதை சொல்கிறீர்கள்.

மார்த்தாண்டத்துக்காரன்: அது மலைத்தேனீ. வெட்டவெளியில் ஒரே அடையாகப் பெரிதாகக் கட்டும், பெட்டியில் வளர்க்க முடியாது. நான் சொல்வது பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீயை. அதிலும் கூட்டை அல்ல, பிரிந்து வந்த கூட்டத்தை. என் அப்பாவைப் பற்றிப் பேசும் முன் இதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

பெரம்பூர்வாசி: எந்தத் தேனீயானால் என்ன? கொடுக்கு இருந்தால் கொட்டும்.

தாம்பரம் வாசகி: இவர் இப்படித்தான். போன மாதம் நான் வாங்கிய தேன் தண்ணீரில் கரைந்தபோதும் அது சுத்தமான தேன்தான் என்று சாதித்தார். மழைக்காலத்தில் உங்கள் ஊரில் தேனீக்குச் சர்க்கரைப்பாகு கொடுப்பதையும் எழுத வேண்டியதுதானே?

மார்த்தாண்டத்துக்காரன்: எழுதுகிறேன் அம்மா, மறைக்க என்ன இருக்கிறது? பூ இல்லாத மாதங்களில் குடி பட்டினியில் சாகாமலிருக்கப் பாகு வைக்கிறோம். அப்போது தேன் எடுப்பதில்லை. தண்ணீர்ச் சோதனை ஒரு சோதனையே அல்ல என்று அன்றே சொன்னேன். 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானபோது, மிஞ்சியவற்றைப் பிள்ளைபோலக் காத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு யாரும் தானமாகக் கொடுத்ததில்லை.

வேளச்சேரி மாடித்தோட்டம்: ஊர்ப்பெருமை போதும். நான்கு கொட்டுக்குப் பதில் வரவில்லை.

மார்த்தாண்டத்துக்காரன்: கூட்டம் இன்னும் இருக்கிறதா? வேவு பார்க்கப் போன தேனீக்கள் பொந்தைக் கண்டுவிட்டால் மொத்தமும் கிளம்பிவிடும். மாலையில் பெட்டியோடு வருகிறேன். கையுறை இல்லாமல் எடுத்துக் காட்டுகிறேன்.

வேளச்சேரி மாடித்தோட்டம்: மதியமே பறந்துவிட்டன.

மார்த்தாண்டத்துக்காரன்: நல்ல குடியைத் தண்ணீர் அடித்து விரட்டிவிட்டீர்கள். வயிறு எரிகிறது. அடுத்த முறையாவது குழாயைத் தொடாதீர்கள், கொட்டாது.

பெரம்பூர்வாசி: கொட்டும்.