புதுப்பிப்பு: அப்பாவும் நானும் ஒரே மேசையில்

அப்பாவோடு போக்கர் சீட்டாட்டப் போட்டிக்குப் போகிறேன், ஒரே மேசையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலரும் சொன்னதுதான் சரி: சொந்தக்காரர் என்று விட்டுக்கொடுத்து ஆடினால் அதுவும் விதிமீறல்.

ஆட்கள் குறைந்ததும் இருவரையும் ஒரே மேசைக்கு மாற்றினார்கள். என் கையில் இரண்டு ராஜா. அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நல்ல சீட்டு வந்தால்தான் அப்படிச் செய்வார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டேன். இருந்த பந்தயச் சில்லுகளை எல்லாம் தள்ளினேன். "சரி, நானும் வர்றேன்" என்றார். அவர் கையில் இரண்டு ஏஸ், ராஜாவை விடப் பெரிய சீட்டு! நூற்றுக்குச் சுமார் 18 தடவைதான் ராஜா பிழைக்கும். பிழைக்கவில்லை, நான் வெளியே.

அப்புறம் அவரும் பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். வீடு வரும் வரை அந்த ஏஸ் கதைதான்.